இண்ணைக்கும் எறங்கல்ல

செகண்ட் ஆஃப் தொடங்கிட்டு. நம்ம கோலு இப்ப இந்தப் பக்கம் வந்திட்டு, கொள்ளாம், இனி கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் பாக்காண்டாம். அன்னா இருக்கான் ரியோ, பெஞ்சுல கடைசி ஆளு, முட்டு வரைக்கும் எறங்குன கறுத்த கோட்டு, கையில வெள்ளக் கையுறை. மத்த பெஞ்சுக்காரன்மாரெல்லாம் கையைக் கோட்டுக்குள்ள விட்டுக்கிட்டு கூனிக் குறுகி இருக்கானுவ, எனக்க பேத்திக்க மாப்பிள்ள மட்டும் கையுறையைக் கழத்தல்ல. எப்பக் கூப்பிட்டாலும் எறங்கணும்லா. இந்தக் குளிருல எனக்கு வெரலு பத்தும் எனக்கதுதானாண்ணு தெரியல, சேலைக்கு மேல பெனிஷாக்க கோட்டு, காலுல ரெண்டு சோடி சாக்ஸு, தலையில கம்பளித் தொப்பி, எங்க ஊருக் கடப்புறத்து மணல்ல இந்தக் கோலத்துல போயி நிண்ணா நாயி குரைக்கும். இடப்பக்கம் பேத்தி பெனிஷா, மடியில பிள்ள ஒறங்குது. வலப்பக்கம் ரியோவுக்க அம்மை சச்சிக்கோ. அவ வாயே தொறக்க மாட்டா. எனக்கு அவளுக்க பாஷை தெரியாது, அவளுக்கு எனக்கது தெரியாது, ஆனா நேத்து ரெண்டுபேருமா இருந்து ஒரு கூடை கணவாய் மீன் அறுத்தோம், அவ ஒண்ணு அறுக்கதுக்குள்ள நான் ரெண்டு, பொறவு அவ வேகத்தைக் கூட்டுனா, நானும் கூட்டுனேன், பெனிஷா வந்து "என்ன, ரெண்டு பேருக்கும் போட்டியா?"ண்ணு கேட்டா, நாங்க ரெண்டுபேரும் திரும்பிக்கூடப் பாக்கல்ல. இப்ப அவ கோட்டுப் பைக்குள்ளேருந்து குளிருக்குக் கையில வச்சுக்கிட ஒரு சூட்டுப் பொட்டலம் எடுத்து எனக்க கையில வைக்கா. ஒரு கையிலதான் வாங்க முடியும், மத்த கையில போனு. போனைக் கீழ வைக்க முடியாது, லூர்துக்குப் படம் புடிச்சிட்டு வாறேண்ணு வாக்குக் குடுத்துட்டுல்லா வந்திருக்கேன். லூர்து எனக்க அடுத்த வீட்டுக்காரி. எங்க ஊரு தூத்தூர் பக்கத்துக் கடப்புறம், அங்க பிள்ளைய நடக்கப் படிக்கதுக்கு முந்தி பந்து சவுட்டப் படிக்கும். லூர்துக்க மருமவன் ஏதோ போலீஸ் டீமுக்குக் களிச்சவன், அதுனால அவளுக்கு வாய் ரெண்டு மொழம் கூடுதல். "ஏ செலஸ்தீனா, ஜப்பான்ல மாப்பிள்ள பந்துகாரனாமே, எந்த மேட்சுல களிச்சான், ஒரு படம் காட்டு பாப்போம்"ண்ணா. நான் இல்லாத படத்த எங்க போயிக் காட்ட. "பெஞ்சுல இருக்கதுக்குச் சம்பளம் குடுக்கானுவளா? எங்க வீட்டுலயும் ஒரு பெஞ்சு கெடக்கு, நானும் வாறேன் ஜப்பானுக்கு"ண்ணு பைப்படியில வச்சுச் சொன்னா. தண்ணி புடிக்க நிண்ணவளுவ எல்லாம் குடத்தக் கீழ வச்சிட்டுச் சிரிச்சாளுவ. நான் குடத்த எடுத்துக்கிட்டு வந்திட்டேன், பாதிக் குடம்தான், நெறையக்கூட இல்ல. இண்ணைக்கு ரியோவுக்குக் கடைசி மேட்ச். இண்ணையோட பந்துகளி முடிஞ்சுது, நாளைக்குக் கையுறை போட மாட்டான். பேத்திக்குப் பிள்ளப்பேறு பாக்க வந்தவ நான், வந்த நாளுலேருந்து ஒரு மேட்ச் விடாம வந்து குளிருல வெறைச்சாச்சு, மேட்சு நடக்கையில அவன் கிறவுண்டுக்க வெள்ளக் கோட்டைத் தாண்டி உள்ள நிண்ணு நான் இதுவரைக்கும் பாக்கல்ல. ஒரு நிமிசம் எறங்குனாப் போதும். ஒரு நிமிசம்.

நமக்கு ஒரு கோலு, அவனுவளுக்கு ஒண்ணும் இல்ல. இதுல ஜெயிச்சா மேல் லீக்குக்கு ஏறவும் மாட்டோம், தோத்தா கீழ் லீக்குக்கு எறங்கவும் மாட்டோம், பெறகென்ன, அந்த மொட்டைத்தலைக் கோச்சு இவனை ஒரு பத்து நிமிசம் உள்ள விட்டா என்ன கொறைஞ்சு போகும்? பெனிஷாகிட்ட கேட்டேன். "அம்மாச்சி, மத்தவங்கள மாத்தலாம், கோலியை அப்பிடிச் சும்மா மாத்த மாட்டாங்க"ண்ணா. எனக்குத் தெரியாதா, நானும் திருநாள் டோர்ணமெண்ட் பாத்து வளந்தவதான், வாழைக்கொலை பரிசுக்குக் களிச்ச காலத்துலேருந்து பாத்திருக்கேன். கோலி ஒருத்தன்தான். மிச்சம் பத்துப் பேருல ஒருத்தன் தளந்தா இன்னொருத்தன் வருவான், கோலி தளர மாட்டான், அவன் நிப்பான், அவன் நிக்கது வரைக்கும் ரெண்டாமத்த கோலி பெஞ்சுல இருப்பான். அப்பிடி இருந்தவன் எனக்க ரியோ. ஹோசகா ரியோஹெய், முழுப் பேரு, நான் படிச்சு வச்சிருக்கேன். பதினெட்டு வயசுல ஜப்பானுக்கே வலிய கிளப்பு ஒண்ணு அவனைக் கூட்டிக்கிட்டுப் போச்சு, அவனுக்க ஸ்கூல்ல அதுக்குக் கொடி கட்டுனாங்களாம். அங்க போனா அவனுக்கு முன்னால ஒருத்தன், நாட்டுக்கே கோலி நிண்ணவன், காய்ச்சலு வராது, காலு முறியாது, ஒரு நாளு லீவு எடுக்கல்ல. அஞ்சு வருசம் அவனுக்குப் பொறத்த. பொறவு அடுத்த ஊரு, அங்கயும் ஒருத்தன். அதுக்கடுத்த ஊரு, ஒரு படி கீழ, அங்க ஒரு பிரேசில்காரன், வாசலை விட வலியவன். இன்னும் ஒரு படி கீழ, இங்க. நடுவுல ஒருக்க பனி பெய்யையில எறங்குனானாம், வெள்ளப் பந்து போட்டா தெரியாதுண்ணு ஆரஞ்சுப் பந்து போட்டுக் களிச்சானுவளாம், ஒரு கோலு விடல்ல. அந்தப் பந்து சச்சிக்கோவுக்க வீட்டுல சாமிபடத்துக்குப் பக்கத்துல இருக்கு, நான் பாத்தேன், தொட்டும் பாத்தேன், அவ நான் தொட்ட எடத்த முந்தானையால தொடச்சா, முந்தானை எங்க இருக்கு அவளுக்கு, கைக்குட்டையால தொடச்சா. கோவம் வரல்ல எனக்கு. நானா இருந்தா தொடவே விட மாட்டேன். பெனிஷா இவனைக் கண்டது எங்கண்ணு நெனைக்கியோ, இதே கிறவுண்டுலதான். இங்க ஒரு மருந்துக் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு, கூட வேலை செய்யவளுவ கூப்பிட்டாளுவண்ணு மேட்சுக்கு வந்திருக்கா. ஜப்பான்காரன்மாரு பாட்டுப் பாடுதானுவ, மேளம் அடிக்கானுவ, ஒருத்தனும் ஒழுங்கா விசிலடிக்கல்ல. எனக்க பேத்தி ரெண்டு வெரலை வாயில வச்சு கடப்புறத்து விசிலு ஒண்ணு விட்டா, வள்ளத்துல நிக்கவனுக்குக் கேக்குமே, அது. கிறவுண்டே திரும்பல்ல, பெஞ்சுல கடைசியில இருந்தவன் ஒருத்தன் திரும்பிப் பாத்தான். களிக்கவனுக்கு ஒண்ணும் கேக்காது மக்ளே, காத்திருக்கவனுக்குத்தான் எல்லாம் கேக்கும். இருந்து இருந்து அவனுக்குக் கிறவுண்டு முழுக்கத் தெரியும். எந்தப் பந்துகாரன் எந்தக் காலுல சவுட்டுவான், பெனால்டின்னா எந்தப் பக்கம் தள்ளுவான், எல்லாம் பாத்து வச்சு மேட்சுக்கு முந்தி இப்ப உள்ள நிக்க அந்தக் கொச்சுக் கோலி, சின்னப் பய ஷோத்தாவுக்குச் சொல்லிக் குடுப்பான். மேட்சுக்கு ஒரு மணிக்கூறு முந்தி வந்து பாருங்க, ரியோதான் சவுட்டுவான், ஷோத்தாவுக்குக் கை சூடாகது வரைக்கும் சவுட்டிக்கிட்டே இருப்பான். கிறவுண்டுல காலு வைக்கையில ஒருக்க குனிவான், போகையில ஒருக்க குனிவான், ஆளே இல்லாத புல்லுக்கு. நாங்க கோயில் வாசல்ல தீர்த்தம் தொட்டு நெத்தியில வைக்கோம்லா, அதுமாதிரி. எறங்காத கிறவுண்டுக்குமா குனியணும்ண்ணு எனக்கு முதல்ல ஒரு மாதிரி இருந்துது. இப்ப அவன் குனியாம போனா எனக்குத்தான் சங்கடமா இருக்கும்.

அந்தோணியாருக்கு ஒம்பது நாளு ஜெபம் வச்சிருக்கேன், இண்ணு கடைசி நாளு. காணாமப் போனதெல்லாம் கண்டுபுடிச்சுக் குடுக்கவரு, இவனுக்குக் காணாமப் போன மேட்ச் ஒண்ணைக் குடுக்க மாட்டாரா. முதல் நாலு நாளு நல்லா ஜெபிச்சேன். அஞ்சாவது நாளு பாதியில நாக்கு நிண்ணு போச்சு. ரியோ எறங்கணும்ண்ணா ஷோத்தா வெளிய ஏறணும்லா? ஷோத்தா எப்பிடி ஏறுவான்? காலு முறியணும், இல்ல கை ஒடியணும், இல்ல வயிறு கலங்கணும். வயிறு கலங்கட்டும் கர்த்தாவே, சின்னதா, ஒரு மணிக்கூறுண்ணு திருத்திச் சொல்லிப் பாத்தேன், அதுவும் சரியாப் படல்ல. பின்ன பொதுவா "எது நல்லதோ அது"ண்ணு முடிச்சிட்டேன், ஆனா உள்ள எது நல்லதுண்ணு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஷோத்தா வேற யாருமா, வாரம் ஒருக்க வீட்டுக்கு வந்து சாப்பிடுதவன். இருவத்தொண்ணு வயசு, அம்மை எங்கயோ தூரத்து ஊருல. நான் வச்ச மீன் குழம்பைத் தின்னுட்டு மூக்கு ஒழுக ஒழுக இன்னும் வேணும்ண்ணு தட்டை நீட்டுவான். போன வாரம் வந்தப்ப நான் ஜெபமாலை உருட்டிக்கிட்டு இருந்தேன். என்னதுண்ணு பெனிஷாகிட்ட கேட்டிருக்கான். இவ சிரிச்சிக்கிட்டே, "ரியோ கடைசி மேட்சுல எறங்கணும்ண்ணு எங்க அம்மாச்சி ஜெபிக்காங்க"ண்ணு அவனுக்க பாஷையில சொல்லியிருக்கா. எனக்குப் பொறவுதான் சொன்னா. "ஏட்டி, அதை எதுக்கு அவன்கிட்ட சொன்ன?"ண்ணு கேட்டேன். "தமாசுக்குச் சொன்னேன் அம்மாச்சி." ரியோவும் சிரிச்சான், மீனுல பெரிய துண்டா எடுத்து அந்தப் பையனுக்கத் தட்டுல வச்சான். பையன் சிரிக்கல்ல. அண்ணைக்கு ரெண்டாவது தட்டு கேக்கல்ல. அட, அதை இப்பல்லா நெனைக்கேன், ரெண்டாவது தட்டு கேக்கல்ல அண்ணைக்கு. காரம் அதிகமாயிட்டோண்ணு நான் நெனைச்சேன். சச்சிக்கோ முட்டியில தட்டுதா, பந்து இந்தப் பக்கம் வருது, ஷோத்தா குதிச்சுப் புடிச்சிட்டான், எல்லாரும் கை தட்டுதாங்க. நானும் தட்டுனேன், போனு விழப் பாத்துது. இந்த ஊருல ஒண்ணு, எல்லாத்துக்கும் கையாலதான் பேச்சு. வந்த புதுசுல மீன் ஏலம் போடுத கூடத்தப் பாப்போம்ண்ணு தனியா நடந்து போயிட்டேன், மீன்வாடை அடிச்சா எனக்க காலு நிக்காது. வாசல்ல காவல்காரன் என்னைக் கண்டதும் ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா சிலுவையா வச்சுக் காட்டுனான். ஜப்பான்லயும் நம்ம ஆளு ஒருத்தன் இருக்கானேண்ணு எனக்குச் சந்தோசம், நானும் நெத்தியில நெஞ்சுல சிலுவை போட்டு "தோத்திரம்"ண்ணு சொல்லிட்டு உள்ள போனேன். உள்ள இன்னும் ரெண்டு பேரு ஓடி வந்தானுவ, அவனுவளும் சிலுவை, இன்னும் ஒசத்திக் காட்டுதானுவ. இவ்வளவு பக்தியுள்ள ஊரை நான் வேளாங்கண்ணியிலகூடக் கண்டதில்ல. நானும் திரும்பத் திரும்பச் சிலுவை போட்டுக்கிட்டே சூரை மீனுக்கு நடுவால நடந்து போறேன், அவனுவ பொறத்தால வாறானுவ, அதுக்குள்ள பெனிஷா ஓடி வந்து, "அய்யோ அம்மாச்சி, கையை அப்பிடி வச்சா போகப்பிடாதுண்ணு அர்த்தம்!" போகலாம்ண்ணா ரெண்டு கையையும் தலைக்கு மேல வளைச்சு வட்டமாப் புடிப்பாங்களாம். வட்டம்ண்ணா சரி, சிலுவைண்ணா முடியாது. கிறவுண்டுலயும் அதுதான். ஒருத்தன் விழுந்தா வைத்தியம் பாக்கவன் ஓடிப் போயிப் பாத்துட்டு, களிப்பாண்ணா வட்டம் காட்டுவான், களிக்க மாட்டாண்ணா சிலுவை. சிலுவை காட்டுனா பெஞ்சுலேருந்து ஒருத்தன் எறங்குவான். இந்த மூணு மாசமா ஒவ்வொருத்தன் விழையிலயும் நான் சிலுவையைத் தேடித் தேடிப் பாத்திருக்கேன், எந்தச் சிலுவையைத் தேடுதேண்ணு அந்தோணியாருக்குத் தெரிஞ்சா என்னை வாசலுக்கு வெளிய நிறுத்துவாரு.

கோட்டைக் கழத்துதான். ரியோ கோட்டைக் கழத்திட்டு எந்திரிச்சிட்டான்! "சும்மா சூடேத்த ஓடுதாங்க அம்மாச்சி, எல்லாரும் மாறி மாறி ஓடுவாங்க"ண்ணு பெனிஷா சொல்லுதா, சொல்லிக்கிட்டே அவளும் கழுத்தை எக்கிப் பாக்கா. கோலுக்குப் பொறத்த ஓரமா வந்து குதிக்கான், கையைச் சுத்துதான், எங்களுக்கு நேர முன்னால. முன்னந்தலை வெளுத்திட்டு இவனுக்கு, இப்பத்தான் பாக்கேன். நான் போனை அவனுக்கு நேரா புடிச்சிட்டேன், சிவப்புப் புள்ளி எரியுது, படம் ஓடுது. களிய விட்டுட்டு வெளிய ஓடுதவனைப் படம் புடிக்கேன், லூர்து பாத்தா இன்னும் ஒரு வாரத்துக்குச் சிரிப்பா. சிரிக்கட்டும். இன்னும் பத்து நிமிசந்தான் இருக்கும். எறங்க மாட்டான். எறங்காம கையுறையைக் கழத்துவான், பொறவு பூ குடுப்பாங்க, பேசச் சொல்லுவாங்க, முடிஞ்சிது. அந்தோணியாரே, ஒரு நிமிசம். ஒரு... அய்யோ. அய்யோ எனக்க மாதாவே. என்ன சத்தம் அது. எதிர் டீமுக்க வெள்ளச் சட்டைக்காரன் ஒருத்தன் பந்துக்கு வந்த வேகத்துல ஷோத்தா மேல, பூட்ஸு எலும்புல தட்டுன சத்தம் இவ்விடம் வரைக்கும் கேட்டுது. பையன் கெடக்கான். சுருண்டு கெடக்கான், காலைப் புடிச்சுக்கிட்டு. நான்தான். நான் செஞ்சதுதான். ஒம்பதாம் நாளு, இப்பத்தான் கேட்டேன், கேட்ட வாய மூடல்ல, குடுத்துட்டாரு. வேண்டாம். எனக்கு வேண்டாம் அந்தோணிப் புண்ணியவாளனே, நான் கேட்டது தப்பு, திரும்ப எடுத்துக்கிடும், அவனுக்க அம்மை தூரத்து ஊருல டி.வி. பாத்துக்கிட்டு இருப்பா, மூக்கு ஒழுகத் திங்க பிள்ள அது, அதுக்க காலு எனக்கு வேண்டாம். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். சச்சிக்கோவுக்க கை எனக்க கையைப் புடிச்சிருக்கு, சூட்டுப் பொட்டலம் ரெண்டு கைக்கும் நடுவுல நசுங்குது. கண்ணைத் தொறந்தேன். பையன் இன்னும் கெடக்கான், வைத்தியக்காரன் ஓடுதான் பையைத் தூக்கிக்கிட்டு. பையன் வலது காலைப் புடிச்சிருக்கான். வலது... இரு. இரு செலஸ்தீனா. அவன் வந்து தட்டுனது எந்தக் காலுல? லைன்காரன் கொடி புடிச்சு நிக்கப் பக்கத்துக் காலுலல்லா தட்டுனான். அது இடது. எனக்குக் கண்ணுக்குப் பொரை விழுந்திருக்கு, ஆனா கள்ளக் காலு தெரியாம போகாது. எனக்க கொழுந்தன் வர்கீஸ் ஒருத்தன் இருந்தான், கரமடி வலை இழுக்கக் கூப்பிட்டா அவனுக்கு முட்டு வலிக்கும். திங்கக்கிழமை வலது முட்டு, செவ்வாய்க்கிழமை இடது முட்டு, நாந்தான் ஒரு நாளு எல்லாரு முன்னாலயும் வச்சு, "கொழுந்தனாரே, நேத்து நொண்டுனது மத்த காலுல்லா"ண்ணு கேட்டேன். அண்ணையிலேருந்து அவன் நான் நிக்கப் பக்கம் நொண்ட மாட்டான். இது வர்கீஸுக்கக் காலுதான். பையன் நடிக்கான். எதுக்கு நடிக்கான்? ரெண்டாவது தட்டு கேக்கல்லியே அண்ணைக்கு. அந்தோணியாரு கேக்கல்ல எனக்க ஜெபத்தை. இந்தப் பையன் கேட்டிருக்கான். அட கிறுக்கா. அட எனக்க பொன்னு கிறுக்கா. ரியோவுக்கு எடம் விட்டுக் குடுக்க அங்க புல்லுல கெடந்து உருளுதான். உள்ள ஒரு சந்தோசம் பொங்கி வருது பாரு எனக்கு, வெக்கம் கெட்ட சந்தோசம், யாருக்கும் காலு ஒடியல்ல, ரியோவும் எறங்குவான், பாவமும் இல்ல பழியும் இல்ல, வாயத் தொறக்காத செலஸ்தீனா, பெனிஷாகிட்டகூடச் சொல்லாத. வைத்தியக்காரன் குனிஞ்சு ஏதோ கேக்கான், பையன் தலையை ஆட்டுதான், முடியாதுண்ணு. கோச்சு எந்திரிச்சு நிக்கான். கிறவுண்டு முழுக்க ரியோவுக்கப் பேரைச் சொல்லி மேளம் அடிக்கத் தொடங்கிட்டு. ரி-யோ-ஹெய். ரி-யோ-ஹெய். பெனிஷா வாயைப் பொத்திக்கிட்டா. வைத்தியக்காரன் எந்திரிக்கான், பெஞ்சைப் பாத்து ரெண்டு கையையும் ஒசத்துதான், சிலுவை, இப்ப சிலுவை...

ஒரு சத்தம். ஒரே ஒரு வார்த்தை. ரியோதான். மூணு மாசமா நான் அந்த வீட்டுல இருக்கேன், அவனுக்கு இவ்வளவு சத்தம் உண்டுண்ணு எனக்குத் தெரியாது. மடியில கெடந்த பிள்ள முழிச்சிட்டு. வைத்தியக்காரனுக்கக் கை பாதியில நிக்கி. ரியோ கோலுக்குப் பொறத்த வலையோட ஒட்டி நிக்கான், வெள்ளக் கையுறை ரெண்டும் வலையைப் புடிச்சிருக்கு, குனிஞ்சு, உள்ள கெடக்கப் பையன்கிட்ட என்னமோ சொல்லுதான், இப்பச் சத்தமில்லாம. அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியாம இருக்குமா, எந்தப் பந்துகாரனுக்கு எந்தக் காலுண்ணு பாக்கதுதானே பதினேழு வருசமா அவனுக்குச் சோறு. "என்னட்டி சொல்லுதான்?" "தெரியல அம்மாச்சி... அவரு கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல." பையன் காலுலேருந்து கையை எடுத்துட்டான். மூஞ்சியப் புல்லுல வச்சு அழுதான், அது நடிப்பில்ல, முதுகு குலுங்குது. பொறவு எந்திரிச்சான். ரெண்டு காலுலயும் நேரா நிண்ணான். ரியோ வலையை விட்டுட்டு ரெண்டெட்டு பொறத்தால வந்து, கோச்சைப் பாத்து, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி வளைச்சான். வட்டம். முழு வட்டம், வெரலும் வெரலும் முட்ட. மேளம் நிண்ணு போச்சு. கோச்சு அவனைப் பாத்துக்கிட்டே நிக்கான், மாத்துதேண்ணு சொல்லுதானோ என்னமோ, கையை ஆட்டுதான், ரியோ கையை எறக்கல்ல. அப்பிடியே நிக்கான் வட்டத்தோட. கோச்சு பெஞ்சுல போயி இருந்துட்டான். எனக்குச் சங்கடம் வரும்ண்ணு நெனைச்சேன், வரல்ல. பொய்யா வந்த எடம் அவனுக்கு வேண்டாம். இந்தா பாருங்க, எனக்க பேத்திக்க மாப்பிள்ளைக்கு வேண்டாம்! இவ்வளவு காலம் காத்திருந்தவன், கதவு தானாத் தொறந்தும் போகல்ல. எனக்க பக்கத்துல சச்சிக்கோ மடியில வச்சு ரெண்டு கையாலயும் சின்னதா ஒரு வட்டம் புடிச்சிருக்கா, யாரும் பாக்காதபடிக்கு, கண்ணீரு ஒழுகிக்கிட்டே. மடியில வச்சா யாருக்குத் தெரியும் சச்சிக்கோ? நான் எந்திரிச்சு நிண்ணேன். போனை இடுப்புல சொருகிட்டு, கோட்டும் தொப்பியும் சேலையுமா, ரெண்டு கையையும் தலைக்கு மேல வளைச்சுத் தூக்கிப் புடிச்சேன். "அம்மாச்சி இரு, பொறத்த இருக்கவங்களுக்குத் தெரியல!" "தெரியாண்டாம்!" சச்சிக்கோவும் எந்திரிச்சா. திரும்பிப் பாக்கேன், பொறத்த இருந்தவனும் எந்திரிச்சு நிக்கான், அவனுக்குப் பொறத்த இருந்தவளும், எல்லாத்துக்கும் கை தலைக்கு மேல. மேட்சு முடிஞ்ச விசிலு அடிச்சது எப்பண்ணே நான் கவனிக்கல்ல. ஒண்ணுக்குச் சைபர். ஷோத்தா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ரியோகிட்ட வாறான், ரியோ அவனுக்க உச்சியில நறுக்குண்ணு ஒரு கொட்டு வச்சான், வச்ச கையாலயே கழுத்தச் சுத்திப் புடிச்சு இழுத்துக்கிட்டான். எல்லாரும் வரிசையா நிண்ணு குனியுதாங்க, வரிசையில கடைசியில ரியோ, சேறு படாத வெள்ளக் கையுறை. போனை எடுத்துப் பாத்தேன், அது இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நிறுத்திட்டு, லூர்துக்கப் பேரைத் தேடி, அந்த மைக்குப் படத்துல வெரலை வச்சு அமுக்குனேன். "ஏ லூர்தே, நாந்தான். பைப்படியில நிக்கியாண்ணா எல்லாரையும் கூப்பிட்டு வச்சுக் கேளு. படம் பொறத்தால வருது. எனக்க பேத்திக்க மாப்பிள்ள இண்ணைக்கும் எறங்கல்ல. கேட்டியா? எறங்கல்ல."